ஜார்ஜ் வெஸ்ட்டிங்ஹவுஸ்

ஜார்ஜ் வெஸ்ட்டிங்ஹவுஸ் (அக்டோபர் 6, 1846 – மார்ச் 12, 1914) ஓர் அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர், பொறியாளர், தொழிலதிபர் ஆவார். தொடர்வண்டிகளுக்கான காற்றழுத்த பிரேக்கை உருவாக்கியவர் என்றும், மாறுதிசை மின்னோட்டத்தைப் பரவலாக்கியவர் என்றும் இவர் அறியப்படுகிறார். இவர் பெயரில் 361 காப்புரிமைகள் பதிவாகியுள்ளன. தம் வாழ்நாளில் ஏறத்தாழ 60 நிறுவனங்களைத் தோற்றுவித்தார்.

மின்சாரத் துறையில் தாமஸ் ஆல்வா எடிசனுடன் இவருக்கு ஏற்பட்ட போட்டியே பெரிதும் பேசப்படுகிறது. எனினும் இவரது முதற் பெரும் சாதனை பிரேக் துறையிலேயே அமைந்தது. வண்டித்தொடர் நடுவில் அறுந்து இரண்டாகப் பிரிந்தாலும் இரு பகுதிகளும் தாமாகவே நிற்க வேண்டும் என்ற கொள்கையை இவரது 1872-ஆம் ஆண்டு பிரேக் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இயந்திரம் அணியமாக இருந்தும், அது எல்லா வண்டிகளிலும் பொருத்தப்படுவதற்குப் பல ஆண்டுகள் பிடித்தன. பிரித்தானியாவில் 1889-ஆம் ஆண்டிலும் அமெரிக்காவில் 1893-ஆம் ஆண்டிலும் இயற்றப்பட்ட சட்டங்களே அதனைக் கட்டாயமாக்கின. இழுத்துச் செல்லப்படும் வண்டிகளின் பிரேக் குறித்து இன்று நடைமுறையில் உள்ள பல விதிகளிலும் இதே கொள்கையைக் காணலாம்.

இளமைக் காலம்

வெஸ்ட்டிங்ஹவுஸ் நியூயார்க் மாநிலத்தின் சென்ட்ரல் பிரிட்ஜ் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை பெயரும் ஜார்ஜ் வெஸ்ட்டிங்ஹவுஸ் என்பதே. தாயார் எம்மெலைன் வெட்டர். பெற்றோருக்குப் பிறந்த பத்துக் குழந்தைகளுள் இவர் எட்டாமவர். தந்தை வேளாண் கருவிகள் செய்யும் பட்டறை ஒன்றை நடத்தி வந்தார். 1856-ஆம் ஆண்டு குடும்பம் ஸ்கெனெக்டடி நகருக்குக் குடிபெயர்ந்தது. பள்ளிப் படிப்பைக் காட்டிலும் தந்தையின் பட்டறையிலேயே சிறுவனின் நாட்டம் மிகுந்திருந்தது. கடைசல் இயந்திரத்தையும் நீராவிப் பொறியையும் இயக்க அங்கேதான் கற்றுக்கொண்டார்.

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது ஒன்றியத்தின் குதிரைப்படையில் பணியாற்றினார். பின்னர் கடற்படைக்கு மாறி, போர்க்கப்பலில் இளநிலைப் பொறியாளராகச் சேவை செய்தார். 1865-இல் படைப்பணி முடிந்து வீடு திரும்பியபின் ஸ்கெனெக்டடியின் யூனியன் கல்லூரியில் சேர்ந்தார். ஆயினும் முதற் பருவத்திலேயே படிப்பைக் கைவிட்டுப் பட்டறைக்குத் திரும்பினார். அதே ஆண்டு சுழல்வகை நீராவிப் பொறி ஒன்றுக்கு முதல் காப்புரிமையைப் பெற்றார். அப்போது அவருக்கு வயது 19.

அடுத்ததாகத் தொடர்வண்டித் துறையில் கவனம் செலுத்தினார். தடம் புரண்ட பெட்டிகளை மீண்டும் தண்டவாளத்தில் ஏற்றும் கருவி ஒன்றையும், தண்டவாளச் சந்திகளில் பயன்படும் திருப்பிப் போடக்கூடிய உறுப்பு ஒன்றையும் வடிவமைத்தார். 1867-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 8-ஆம் நாள் மார்கரெட் எர்ஸ்கைன் வாக்கரை மணந்தார். 1868-இல் பென்சில்வேனியாவின் பிட்ஸ்பர்க் நகருக்குச் சென்றார். இரும்பு, எஃகுத் தொழில்களின் மையமான அந்நகரமே இவரது வாழ்நாள் முழுவதற்கும் களமாக அமைந்தது. இவர்களின் ஒரே மகன் 1883-இல் பிறந்தான்.

கைப்பிரேக் காலம்

அக்காலத் தொடர்வண்டிகளில் ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியே கைப்பிரேக் இருந்தது. ஓட்டுநர் ஊதல் ஒலி எழுப்பியவுடன், பிரேக்மேன் எனப்பட்ட பணியாளர்கள் பெட்டி பெட்டியாகச் சென்று ஒரு சக்கரத்தைத் திருகி பிரேக் போட்டனர். சரக்கு வண்டிகளில் இச்சக்கரம் பெட்டியின் கூரை மட்டத்தில் இருந்தது. எனவே பிரேக்மேன்கள் ஓடும் வண்டியின் கூரை மீது நடந்து, பெட்டிக்குப் பெட்டி தாவ வேண்டியிருந்தது. மழையிலும் பனியிலும் இரவிலும் இதே வேலைதான். கால் வழுக்கியோ, தாழ்வான பாலத்தில் தலை மோதியோ இறந்தவர் பலர். பெட்டிகளை இணைக்கும்போது இரண்டுக்கும் நடுவே நின்று கை, விரல்களை இழந்தவர்களும் பலர்.

இம்முறையில் வண்டியை நிறுத்த நீண்ட தொலைவு தேவைப்பட்டது. 1866-இல் ஸ்கெனெக்டடிக்கும் டிராய் நகருக்கும் இடைப்பட்ட பாதையில் நிகழ்ந்த ஒரு விபத்து இளைஞரான வெஸ்ட்டிங்ஹவுஸின் கவனத்தை ஈர்த்தது. இரு சரக்கு வண்டிகள் மோதிக்கொண்ட அவ்விபத்தில், எதிரில் வரும் வண்டியை ஓட்டுநர்கள் கண்டிருந்தும் உரிய நேரத்தில் நிறுத்த இயலவில்லை. ஓட்டுநர் ஒருவரே தம் இருக்கையிலிருந்து வண்டி முழுவதற்கும் பிரேக் போடக்கூடிய வழியை அவர் தேடத் தொடங்கினார். சங்கிலி, நீராவி ஆகியவற்றைக் கொண்டு எண்ணிப் பார்த்தும் அவை பயன்படவில்லை. ஆல்ப்ஸ் மலையில் மான் செனி சுரங்கப்பாதையைக் குடையும் துளைப்பொறிகளுக்கு அழுத்தப்பட்ட காற்று நீண்ட குழாய் வழியே அனுப்பப்படுவதை ஓர் இதழில் படித்ததும் அவருக்கு விடை கிடைத்தது.

நேர்க்காற்று பிரேக்

1869-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் நாள் காற்றழுத்த பிரேக்குக்கான முதல் காப்புரிமை இவருக்கு வழங்கப்பட்டது. அதே ஆண்டில் வெஸ்ட்டிங்ஹவுஸ் காற்று பிரேக் நிறுவனம் பிட்ஸ்பர்க்கில் தொடங்கப்பட்டது. நிறுவனத் தலைவரான அவருக்கு அப்போது 22 வயது.

இந்த முதல் வடிவம் நேர்க்காற்று பிரேக் எனப்படுகிறது. நீராவி எஞ்சினில் பொருத்தப்பட்ட ஓர் எக்கி காற்றை அழுத்தி ஒரு தொட்டியில் சேமித்தது. ஓட்டுநர் ஒரு வால்வைத் திறந்ததும் காற்று குழாய் வழியே எல்லாப் பெட்டிகளுக்கும் பாய்ந்தது. ஒவ்வொரு பெட்டியிலும் உள்ள உருளையில் காற்று நுழைந்து உந்துதண்டைத் தள்ள, பிரேக் கட்டைகள் சக்கரங்களை அழுத்தின.

பிட்ஸ்பர்க்கிலிருந்து ஸ்டூபன்வில் நோக்கிச் சென்ற ஒரு பயணி வண்டியில் முதல் சோதனை நடத்தப்பட்டது. சோதனை ஓட்டத்தின்போது எதிர்பாராத வகையில் குதிரை வண்டி ஒன்று தண்டவாளத்தின் குறுக்கே வந்தது. ஓட்டுநர் டேனியல் டேட் புதிய பிரேக்கை இயக்கவே, சில அடி இடைவெளியில் வண்டி நின்றது. திட்டமிடாத இந்நிகழ்வே புதிய கருவிக்குச் சிறந்த சான்றாக அமைந்தது. விரைவில் பல நிறுவனங்கள் தம் பயணி வண்டிகளுக்கு இதனை வாங்கின.

தானியங்கு பிரேக்

நேர்க்காற்று பிரேக்கில் இரு குறைகள் இருந்தன. காற்று முன்பெட்டியிலிருந்து பின்பெட்டிக்குச் சென்று சேர நேரமாயிற்று; அதனால் முன்பெட்டிகள் நின்றபின்னும் பின்பெட்டிகள் வந்து இடித்தன. இதைவிடப் பெரிய குறை ஒன்றும் இருந்தது. பெட்டிகளுக்கு இடையிலுள்ள குழாய் அறுந்துவிட்டால் காற்று முழுவதும் வெளியேறி, வண்டி முழுவதும் பிரேக் இல்லாமல் போயிற்று. பிரேக் மிகவும் தேவைப்படும் நேரத்திலேயே அது செயலிழந்தது.

1872-ஆம் ஆண்டு வெஸ்ட்டிங்ஹவுஸ் இம்முறையைத் தலைகீழாக மாற்றினார். புதிய வடிவில் ஒவ்வொரு பெட்டிக்கும் சொந்தமாக ஒரு துணைக் காற்றுத்தொட்டி இருந்தது. வண்டி ஓடும்போது குழாயில் எப்போதும் அழுத்தம் நிறைந்திருக்கும். ஓட்டுநர் குழாயிலிருந்து காற்றை வெளியே விட்டால் பிரேக் பிடிக்கும். மீண்டும் காற்றை நிரப்பினால் பிரேக் விடும். இதனை ஆள்வது மூவினை வால்வு என்னும் உறுப்பாகும். இது பின்வரும் மூன்று பணிகளைச் செய்ததால் இப்பெயர் பெற்றது:

• குழாயில் அழுத்தம் உயரும்போது துணைத்தொட்டியைக் காற்றால் நிரப்புதல்
• குழாயில் அழுத்தம் குறையும்போது துணைத்தொட்டியின் காற்றை பிரேக் உருளைக்குள் செலுத்துதல்
• அழுத்தம் மீண்டும் உயரும்போது உருளையிலுள்ள காற்றை வெளியேற்றி பிரேக்கை விடுவித்தல்

இதன் பயன் தெளிவானது. குழாய் அறுந்தாலும், பெட்டிகள் பிரிந்தாலும், எக்கி பழுதடைந்து காற்று கசிந்தாலும் குழாயின் அழுத்தம் குறையும். குறைந்தவுடன் எல்லாப் பெட்டிகளிலும் பிரேக் தானாகப் பிடிக்கும். பழுது ஏற்பட்டால் வண்டி ஓடுவதற்கு மாறாக நிற்கும். பொறியியலில் இது பழுதிலும் காக்கும் அமைப்பு எனப்படுகிறது.

பிரித்தானியாவும் 1889-ஆம் ஆண்டுச் சட்டமும்

வெஸ்ட்டிங்ஹவுஸ் 1871 முதல் பலமுறை இங்கிலாந்து சென்று தம் பிரேக்கை அங்கு அறிமுகப்படுத்த முயன்றார். 1875-ஆம் ஆண்டு நியூவார்க் நகருக்கு அருகே பலவகை பிரேக்குகள் ஒப்பிட்டுச் சோதிக்கப்பட்டன. அவற்றுள் வெஸ்ட்டிங்ஹவுஸின் தானியங்கு பிரேக் சிறந்த விளைவைக் காட்டியது. 1877-இல் பிரித்தானிய வணிக வாரியம் நல்ல பிரேக்குக்கான தகுதிகளை வரையறுத்து நிறுவனங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. ஓட்டுநரும் காவலரும் எளிதாக இயக்கத் தக்கதாக இருத்தல், உடனடியாகச் செயற்படுதல், விபத்து நேர்ந்தால் தானாகவே பிடித்தல், நாள்தோறும் வழக்கமான ஓட்டத்தில் பயன்படுதல் ஆகியவை அவற்றுள் அடங்கும். எனினும் இவை அறிவுரைகளாக மட்டுமே இருந்தன. 1878-ஆம் ஆண்டுச் சட்டமும் நிறுவனங்கள் தம் பிரேக்குகள் பற்றி அரசுக்கு அறிக்கை தர வேண்டும் என்று மட்டுமே கூறியது.

பல பிரித்தானிய நிறுவனங்கள் காற்றழுத்தத்துக்கு மாற்றாக வெற்றிட பிரேக்கைத் தேர்ந்தெடுத்தன. அதிலும் சில நிறுவனங்கள் தானியங்காத எளிய வகையையே விலை கருதிப் பயன்படுத்தின. இவ்வகையில் குழாய் பிரிந்தால் பிரேக் முழுவதும் இழக்கப்படும்.

1889-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள் அயர்லாந்தின் அர்மா நகருக்கு அருகே இதன் விளைவு தெரியவந்தது. ஞாயிற்றுப் பள்ளிச் சிறுவர்களையும் அவர்களின் குடும்பத்தினரையும் ஏற்றிச் சென்ற சுற்றுலா வண்டி ஒன்று செங்குத்தான ஏற்றத்தில் ஏற முடியாமல் நின்றது. பணியாளர்கள் வண்டியை இரண்டாகப் பிரித்து, முன்பகுதியை மட்டும் முதலில் கொண்டுசெல்ல முடிவு செய்தனர். இணைப்பைக் கழற்றியவுடன் பின்பகுதியின் வெற்றிட பிரேக் செயலற்றுப்போனது. கடைசிப் பெட்டியின் கைப்பிரேக்கும் சக்கரங்களுக்கு அடியில் வைத்த கற்களும் மட்டுமே அதனைத் தாங்கின. முன்பகுதி புறப்படும்போது சற்றே பின்னோக்கி அசைந்து இடிக்க, பின்பகுதி உருளத் தொடங்கியது. சரிவில் வேகம் பிடித்து, பின்னால் வந்துகொண்டிருந்த மற்றொரு வண்டியின் மீது மோதியது. இவ்விபத்தில் 80 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் பலர் சிறுவர் சிறுமியர்.

விபத்து நிகழ்ந்து மூன்று மாதங்களுக்குள், ஆகஸ்ட் 30-ஆம் நாள், தொடர்வண்டிப் பாதைகள் ஒழுங்குமுறைச் சட்டம் நிறைவேறியது. பயணி வண்டிகள் அனைத்திலும் தானாகப் பிடிக்கும் தொடர் பிரேக்கைப் பொருத்த ஆணையிடும் அதிகாரத்தை இச்சட்டம் வணிக வாரியத்துக்கு வழங்கியது. பன்னிரண்டு ஆண்டுகளாக அறிவுரையாக இருந்தது கட்டாயமாயிற்று. எந்த வகை பிரேக் என்பதைச் சட்டம் வரையறுக்கவில்லை; தானாகப் பிடிக்க வேண்டும் என்பதையே வற்புறுத்தியது. எனவே தானியங்கு வெற்றிட பிரேக்கும் சட்டப்படி ஏற்கத்தக்கதாக இருந்தது. பிரித்தானிய ஆட்சியில் இருந்த இந்தியாவிலும் வெற்றிட பிரேக்கே பரவியது. இந்தியத் தொடர்வண்டிகள் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் படிப்படியாகக் காற்றழுத்த பிரேக்குக்கு மாறின.

சரக்கு வண்டிகளும் பர்லிங்டன் சோதனைகளும்

அமெரிக்காவில் பயணி வண்டிகள் காற்றழுத்த பிரேக்கை விரைவாக ஏற்றன. சரக்கு வண்டிகளின் நிலை வேறாக இருந்தது. ஒரே சரக்கு வண்டியில் பல நிறுவனங்களுக்குச் சொந்தமான பெட்டிகள் கலந்திருக்கும். ஒரு நிறுவனம் பெருஞ்செலவில் தன் பெட்டிகளுக்கு பிரேக் பொருத்தினாலும், குழாய் இல்லாத வேறு நிறுவனப் பெட்டி ஒன்று முன்னால் இணைக்கப்பட்டால் அதற்குப் பின்னுள்ளவை அனைத்தும் பயனற்றுப்போகும். எல்லோரும் பொருத்தினாலன்றி எவருக்கும் நன்மை இல்லை என்பதால் எவரும் முதலில் பொருத்த முன்வரவில்லை.

நீளமான வண்டிகளில் தொழில்நுட்பச் சிக்கலும் இருந்தது. பெட்டி கட்டுநர்களின் சங்கம் 1886, 1887 ஆகிய ஆண்டுகளில் அயோவா மாநிலத்தின் பர்லிங்டனில் 50 பெட்டிகள் கொண்ட வண்டிகளை வைத்துச் சோதனைகள் நடத்தியது. அவசரமாக நிறுத்தும்போது பின்பெட்டிகள் கடுமையாக இடித்துக்கொண்டன. முன்பகுதியில் பிரேக் பிடித்துப் பல நொடிகள் கழித்தே கடைசிப் பெட்டியில் பிடித்ததே இதற்குக் காரணம். காற்றழுத்தம் மட்டும் இத்தகைய வண்டிகளுக்குப் போதாது என்றும், மின்சாரத்தின் துணை தேவை என்றும் கருத்து எழுந்தது.

வெஸ்ட்டிங்ஹவுஸ் சில மாதங்களிலேயே விரைவு மூவினை வால்வை வடிவமைத்தார். அவசர நிலையில் ஒவ்வொரு பெட்டியின் வால்வும் தன் இடத்திலேயே குழாயின் காற்றைத் திறந்துவிட்டது. அழுத்தக்குறைவு ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்கு விரைந்து பரவியது. 1887-ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியில், இதனைப் பொருத்திய 50 பெட்டி வண்டி பல நகரங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டு மக்கள் முன்னிலையில் இயக்கிக் காட்டப்பட்டது. அதிர்வு இன்றி வண்டி நின்றது. அதன்பின் தொழில்நுட்பத்தைக் காரணம் காட்டி மறுக்க இடமில்லாமற் போயிற்று.

1893-ஆம் ஆண்டு பாதுகாப்புக் கருவிகள் சட்டம்

பிரேக்கையும் தானியங்கு இணைப்பானையும் சட்டத்தின் வழியே கட்டாயமாக்க வேண்டும் எனப் பல ஆண்டுகள் போராடியவர் அயோவாவைச் சேர்ந்த லொரென்சோ காபின் ஆவார். விவசாயியான இவர் அம்மாநிலத்தின் தொடர்வண்டி ஆணையராகவும் பணியாற்றியவர். பெட்டியை இணைக்கும்போது ஒரு பிரேக்மேன் விரல்களை இழந்ததை நேரில் கண்டபின் இப்பணியில் இறங்கினார். அவரது முயற்சியால் 1890-இல் அயோவா மாநிலம் இதற்கெனச் சட்டம் இயற்றியது. ஆனால் பெட்டிகள் மாநில எல்லைகளைக் கடந்து சென்றதால் ஒரு மாநிலத்தின் சட்டம் போதவில்லை.

1889-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் பெஞ்சமின் ஹாரிசன் காங்கிரசுக்கு அனுப்பிய செய்தியில் இதனை வலியுறுத்தினார். 1888 ஜூன் மாதத்துடன் முடிந்த ஓராண்டில் 2,000-க்கும் மேற்பட்ட தொடர்வண்டிப் பணியாளர்கள் இறந்ததாகவும், 20,000-க்கும் மேற்பட்டோர் காயமுற்றதாகவும் அதில் குறிப்பிட்டார். 1893-ஆம் ஆண்டு மார்ச் 2-ஆம் நாள் அவர் கையெழுத்திட, பாதுகாப்புக் கருவிகள் சட்டம் நிறைவேறியது. அதன் முதன்மையான விதிகள்:

• எஞ்சினின் ஓட்டுச் சக்கரங்களுக்கு விசையால் இயங்கும் பிரேக் இருத்தல் வேண்டும்.
• பிரேக்மேன்களின் கைப்பிரேக் உதவியின்றி ஓட்டுநரே வேகத்தைக் கட்டுப்படுத்தும் அளவுக்குப் போதிய பெட்டிகளில் தொடர் பிரேக் இருத்தல் வேண்டும்.
• பணியாளர் பெட்டிகளுக்கு நடுவே செல்லாமல் இணைக்கவும் பிரிக்கவும் தக்க தானியங்கு இணைப்பான் இருத்தல் வேண்டும்.
• பெட்டிகளில் கைப்பிடிகள் இருத்தல் வேண்டும்.
• ஒவ்வொரு மீறலுக்கும் 100 டாலர் தண்டம் விதிக்கப்படும்.

சட்டம் 1898 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வரவேண்டியிருந்தது. நிறுவனங்களின் வேண்டுகோளின்படி மாநிலங்களிடை வணிக ஆணையம் காலக்கெடுவை 1900 ஆகஸ்ட் 1 வரை நீட்டித்தது. போதிய பெட்டிகள் என்பது எத்தனை என்ற ஐயம் எழுந்ததால், 1903-ஆம் ஆண்டுத் திருத்தம் குறைந்தது 50 விழுக்காடு எனத் தெளிவாக்கியது. இவ்வளவை உயர்த்தும் அதிகாரமும் ஆணையத்துக்கு அளிக்கப்பட்டது. ஆணையம் அதனை 1906-இல் 75 விழுக்காடாகவும், 1910-இல் 85 விழுக்காடாகவும் உயர்த்தியது.

இச்சட்டத்தால் வெஸ்ட்டிங்ஹவுஸ் நிறுவனத்துக்குப் பெரும் சந்தை கிடைத்தது. ஆயினும் அது தனியுரிமையாக அமையவில்லை. நியூயார்க் காற்று பிரேக் நிறுவனம் உள்ளிட்ட போட்டியாளர்கள் தோன்றினர். பாய்டன் பிரேக் நிறுவனத்தின் மீது தொடுத்த காப்புரிமை வழக்கில் 1898-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வெஸ்ட்டிங்ஹவுஸுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பாய்டனின் வால்வு அதே பயனைத் தந்தாலும் வேறு முறையில் இயங்குகிறது என்பது அதன் சாரம். காப்புரிமைச் சட்டம் பயிலுவோர் இத்தீர்ப்பை இன்றும் எடுத்தாள்கின்றனர்.

பிற துறைகள்

1881-இல் யூனியன் சுவிட்ச் அண்ட் சிக்னல் நிறுவனத்தைத் தொடங்கித் தொடர்வண்டிச் சைகை அமைப்புகளை உருவாக்கினார். 1884-இல் பிட்ஸ்பர்க்கில் தம் வீட்டுத் தோட்டத்திலேயே இயற்கை எரிவளிக் கிணறு தோண்டி, எரிவளியைப் பாதுகாப்பாக வழங்கும் கருவிகளுக்குக் காப்புரிமை பெற்றார்.

1886-இல் வெஸ்ட்டிங்ஹவுஸ் மின் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். அதே ஆண்டு வில்லியம் ஸ்டான்லி மாசச்சூசெட்ஸின் கிரேட் பாரிங்டனில் மின்மாற்றிகளைக் கொண்டு மாறுதிசை மின் வழங்கலைச் செய்து காட்டினார். 1888-இல் நிக்கோலா டெஸ்லாவின் மாறுதிசை மின்னோடிக் காப்புரிமைகளை வெஸ்ட்டிங்ஹவுஸ் பெற்றார். நேர்மின்னோட்டத்தை ஆதரித்த எடிசன் தரப்பு, மாறுதிசை மின்னோட்டம் உயிருக்கு ஆபத்தானது எனப் பரப்புரை செய்தது. இப்போட்டி மின்னோட்டப் போர் எனப்படுகிறது. 1893-ஆம் ஆண்டுச் சிகாகோ உலகக் கண்காட்சிக்கு ஒளியூட்டும் ஒப்பந்தத்தை வெஸ்ட்டிங்ஹவுஸ் நிறுவனம் பெற்றது. நயாகரா அருவியில் அமைந்த மின்நிலையத்துக்கும் இந்நிறுவனமே மின்னாக்கிகளை வழங்கியது. 1896-இல் அங்கிருந்து பஃபலோ நகருக்கு மின்சாரம் அனுப்பப்பட்டதோடு போட்டி ஏறக்குறைய முடிவுக்கு வந்தது.

தொழிலாளருக்குச் சனிக்கிழமை அரைநாள் விடுமுறை அளித்த தொடக்ககால அமெரிக்க முதலாளிகளுள் இவரும் ஒருவர். 1890-இல் பிரேக் தொழிற்சாலை பிட்ஸ்பர்க்குக்கு அருகிலுள்ள வில்மெர்டிங்குக்கு மாற்றப்பட்டபோது, தொழிலாளருக்கான வீடுகளும் அங்குக் கட்டப்பட்டன.

இறுதிக் காலம்

1907-ஆம் ஆண்டு நிதி நெருக்கடியில் மின் நிறுவனம் கடனில் சிக்கி நீதிமன்றப் பொறுப்பாளர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு மீண்டபோதிலும், நிறுவனத்தின் மீது வெஸ்ட்டிங்ஹவுஸுக்கு இருந்த கட்டுப்பாடு கைநழுவியது. 1911-இல் அதிலிருந்து முற்றிலும் விலகினார். பிரேக் நிறுவனம் மட்டும் நெருக்கடியில் தளராமல் இருந்தது. கடைசி ஆண்டுகளில், மோட்டார் வண்டிகளின் அதிர்வைக் குறைக்கும் காற்றழுத்த வில்லை மேம்படுத்துவதில் ஈடுபட்டார்.

1914-ஆம் ஆண்டு மார்ச் 12-ஆம் நாள் நியூயார்க்கில் காலமானார். அதே ஆண்டு ஜூன் மாதம் அவர் மனைவியும் இறந்தார். உள்நாட்டுப் போர் வீரர் என்ற முறையில் வெஸ்ட்டிங்ஹவுஸின் உடல் ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டுள்ளது. மனைவியும் அவர் அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டுள்ளார்.

சாலை டிரெய்லர் விதிகளில் தொடர்ச்சி

தொடர்வண்டியில் எழுந்த அதே சிக்கல் பின்னர்ச் சாலையிலும் எழுந்தது. இழுக்கும் வண்டியிலிருந்து டிரெய்லர் பிரிந்துவிட்டால் அதனை நிறுத்த ஓட்டுநர் எவரும் அதில் இல்லை. 1930-இல் பெண்டிக்ஸ்-வெஸ்ட்டிங்ஹவுஸ் நிறுவனம் அமைக்கப்பட்டு, சரக்குந்துகளுக்கும் பேருந்துகளுக்கும் காற்றழுத்த பிரேக்குகள் தயாரிக்கப்பட்டன. அமெரிக்கக் கூட்டரசின் வணிக ஊர்தி விதிகளின்படி, பிரேக் தேவைப்படும் டிரெய்லர் பிரிந்தால் அதன் பிரேக் தானாகப் பிடித்து, குறைந்தது 15 நிமிடங்களுக்கு விடாமல் நிற்க வேண்டும்.

தனியார் பயன்படுத்தும் சிறு டிரெய்லர்களுக்கான விதிகளை அங்கு ஒவ்வொரு மாநிலமும் வகுக்கிறது. மொத்த எடை 3,000 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 1,360 கிலோகிராம் என்ற அளவை எட்டினால் பிரேக் கட்டாயம் என்பது பல மாநிலங்களில் காணப்படும் வரம்பு. ஐரோப்பிய நாடுகளில் 750 கிலோகிராமுக்கு மேற்பட்ட டிரெய்லர்களுக்கு பிரேக் தேவை. அங்கும் இணைப்பு அறுந்தால் டிரெய்லர் தானாக நிற்க வேண்டும் என்பது பொது விதி. எடை குறைந்தவற்றுக்கு மாற்றாகச் சங்கிலி போன்ற துணை இணைப்பு ஏற்கப்படுகிறது.

படகு டிரெய்லர்கள் இவ்விதிகளுள் தனிச் சிக்கல் உடையவை. படகை இறக்கும்போது அவற்றின் சக்கரங்கள் நீரில் மூழ்குகின்றன. உப்பு நீரில் மின் பிரேக்குகள் எளிதில் கெடுவதால், உந்து பிரேக் எனப்படும் நீர்ம அழுத்த வகையே அவற்றில் மிகுதி. முன்வண்டி வேகம் குறைந்ததும் டிரெய்லர் தன் உந்தத்தால் இணைப்பை முன்னோக்கித் தள்ளும். அந்த விசையே நீர்மத்தை அழுத்தி சக்கரங்களில் பிரேக் பிடிக்கச் செய்கிறது. ஓட்டுநர் இதனைத் தனியே இயக்க இயலாது என்பதால் அமெரிக்க வணிக ஊர்தி விதிகள் நெடுங்காலம் இதனை ஏற்கவில்லை. 2007-ஆம் ஆண்டுத் திருத்தம், டிரெய்லரின் எடை இழுக்கும் வண்டியின் எடையோடு குறிப்பிட்ட விகிதத்தைத் தாண்டாதிருந்தால் ஏற்கலாம் என்றது. இணைப்பு அறுந்த நிலையில் தள்ளும் விசை இல்லாததால் உந்து பிரேக் தானாக இயங்காது. எனவே, பிரிந்தவுடன் பிரேக்கை இழுத்துப் பிடிக்கும் கம்பியோ சங்கிலியோ தனியாகப் பொருத்தப்படுகிறது. இதன் இயங்குமுறை வெஸ்ட்டிங்ஹவுஸின் வால்விலிருந்து முற்றிலும் வேறானது. ஆயினும் பிரிந்தது நிற்க வேண்டும் என்ற நோக்கம் ஒன்றே.

சிறப்புகள்

• 1906 – ஜான் ஃபிரிட்ஸ் பதக்கம்
• 1910 – அமெரிக்க இயந்திரப் பொறியாளர் கழகத்தின் தலைவர்
• 1911 – அமெரிக்க மின்பொறியாளர் கழகத்தின் எடிசன் பதக்கம்
• 1913 – செருமானியப் பொறியாளர் சங்கத்தின் கிராசோஃப் பதக்கம்
• 1930 – பிட்ஸ்பர்க்கின் ஷென்லி பூங்காவில் இவரது நிறுவனங்களின் பணியாளர்கள் அளித்த நன்கொடையால் நினைவுச் சின்னம் அமைக்கப்பட்டது